மருந்து தானமும் கல்வி தானமும்: வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் வகுத்த வழி

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று தானத்தை நான்காக வகுத்தது சமண மரபு. ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வடமொழிப் பெயரிலேயே சொல்லுவாங்க. இந்த நான்கில் மருந்துக்குத் தமிழ்ச் சமணப் புலவர்கள் தந்த மதிப்பு தனியானது. காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினார்கள். உடல் நோய்க்கு மருந்து போல உள்ளத்து நோய்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து.

மருந்து தானமும் கல்வி தானமும் வெவ்வேறானவை என்றே நாம் எண்ணுகிறோம். ஒன்றை வைத்தியர் செய்கிறார், மற்றதை ஆசிரியர் செய்கிறார். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாத ஒரு துறை இருக்கிறது. பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்முறை மருத்துவமும், அதை உள்ளடக்கிய உடலியல் மறுவாழ்வு மருத்துவமும்தான் அது. இங்கே கொடுப்பதற்கு மாத்திரை இல்லை. கற்றுக்கொடுப்பதே வைத்தியம், கற்றுக்கொள்வதே குணம். இந்த உண்மையைத் தம் உடம்பிலேயே பயின்று, பிறகு மருத்துவராகவும் ஆசிரியராகவும் நின்று நாட்டுக்குக் காட்டியவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். நான் மருத்துவம் படித்தவன் அல்லன், வியாபாரி. படித்தும் கேட்டும் அறிந்ததைப் பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்வது பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

வள்ளுவர் சொன்ன நான்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. (வள்ளுவரை எங்கள் மரபு தன்னவராகவே கொண்டாடும், அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை.) அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பன அவை. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வைக்கப்பட்டவர் நோயாளி. கடைசியில் நிற்பவர் உடனிருப்பவர், அதாவது பெரும்பாலும் நம் வீட்டு மனுஷர்.

சாதாரணக் காய்ச்சலுக்கு இந்த வரிசை அவ்வளவாக உறைக்காது. மருத்துவர் எழுதித் தருகிறார், நாம் விழுங்குகிறோம், மருந்து தன் வேலையைச் செய்கிறது. ஆனால் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவருக்கும், தண்டுவடம் அடிபட்டவருக்கும், இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும் கதை வேறு. உயிர் காக்கும் சிகிச்சை முடிந்த பிறகும் உள்ள வேலையில் முக்கால் பங்கு நோயாளியுடையது. மீதியில் பெரும்பங்கு குடும்பத்துடையது. மருத்துவரும் பயிற்சியாளரும் அந்த இருவருக்கும் ஆசிரியர்கள். இயன்முறை மருத்துவம் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

துறை வளர்ந்த வரலாறு

எண்ணெய் தேய்ப்பது, வர்மம் பார்ப்பது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் நம் நாட்டுக்குப் பழையவை. ஆனால் உடலியக்கத்தைப் பாடமாக வகுத்து, தேர்வு வைத்து, தொழிலாக்கியது அண்மைக் காலச் செயல். இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு நான்கு செவிலியர்கள் கூடி, முறையாகப் பயின்ற உடற்பிடிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து இன்றைய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் கழகம் ஆயிற்று. முதல் உலகப்போரில் கைகால் அடிபட்டுத் திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்காவில் இத்துறை வேரூன்றியது. அங்கே 1921இல் தோன்றிய சங்கத்தின் முதல் தலைவர் மேரி மக்மில்லன் என்ற அம்மையார். போரும் இளம்பிள்ளை வாதமும்தான் இந்தத் துறையை வளர்த்தன என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1950களின் தொடக்கத்தில் பம்பாயில், போலியோவால் கால் சூம்பிய குழந்தைகளுக்காக, மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் பம்பாய் மாநகராட்சியும் சேர்ந்து கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கின. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவாயிற்று. அதே காலத்தில் தெற்கே வேலூரில் வேறொரு நோயின் வழியாக இத்துறை வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நோய் தொழுநோய்.

வேலூரில் நடந்தது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை, சி.எம்.சி.யை, பெங்களூர்க்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிருந்தாவன் ரயிலைப் பிடித்துக் காட்பாடியில் இறங்கி, கையில் பழைய ரிப்போர்ட்டுகளோடு ஆட்டோ ஏறாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருந்தகம் அது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆகி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக வளர்ந்தது.

அங்கே 1946இல் பணிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தொழுநோயாளியின் கையில் கத்தி வைத்தால் புண் ஆறாது, அந்தச் சதையே கெட்ட சதை என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்ட் அதை ஏற்கவில்லை. நோயால் நரம்பு செத்து விரல்கள் நகம்போல் மடங்கிப்போன கைகளில், உயிருள்ள வேறு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தார்.

இயன்முறை மருத்துவத்தின் இடம் இங்கேதான் தெரிய வரும். அறுவைக்கு முன்பே, இறுகிப்போன விரல் மூட்டுகளை எண்ணெய், மெழுகு ஒத்தடம், பயிற்சி கொண்டு பல வாரம் தளர்த்த வேண்டும். இறுகிய மூட்டில் நாணை மாற்றி வைத்துப் பயனில்லை. அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த அன்று நோயாளிக்கு ஒரு குழப்பம் வரும். இத்தனை நாளும் ஒரு வேலைக்குப் பழகிய தசை இப்போது வேறு வேலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. விரலை நீட்டு என்றால் எந்தத் தசையைக் கூப்பிடுவது என்று மூளைக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "இப்படி நினைச்சுப் பாருங்க, இந்த இடத்தில் அசையுதா" என்று நாள்தோறும் சொல்லித் தருபவர் இயன்முறை மருத்துவர். அறுவை ஓரிரண்டு மணி நேரம். பாடமோ பல வாரம். பாடம் தவறினால் அறுவையும் வீண்.

1954 ஜனவரி 30

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிப் பகுதியில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1940களில் வேலூருக்கு மருத்துவம் படிக்க வந்தார். பட்டம் பெற்று, மகளிர் மருத்துவத்தில் மேற்கொண்டு செல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு அங்கேயே பணியில் இருந்தார். 1954 ஜனவரி 30ஆம் நாள் சக மருத்துவர்களோடு ஒரு வண்டியில் போகும்போது விபத்து நேர்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். அதைவிடப் பெரிய இழப்பு தண்டுவடத்தில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போயிற்று. வயது 28.

தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை. மூளையின் கட்டளை கீழே போவதும், கீழேயிருந்து சேதி மேலே வருவதும் அந்த வழியாகத்தான். அது அறுபட்டால் கால் மட்டும் போவதில்லை. சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடு போகும். தோலின் உணர்வு போகும். அசையாமல் கிடந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வரும். இரண்டாம் உலகப்போர் வரையில் இப்படி அடிபட்டவர்களில் பலர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரு ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் இவர்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பாதையைத் தூய்மையாக வைப்பது, உட்காரவைப்பது, விளையாட வைப்பது என்ற எளிய ஒழுங்குகளால் அந்த நிலையை மாற்றினார். 1948இல் 16 பேரோடு அவர் நடத்திய போட்டியே பிற்காலப் பாராலிம்பிக்கின் விதை. இந்த அறிவு இந்தியாவுக்கு முழுதாக வந்து சேராத நேரத்தில்தான் மேரிக்கு விபத்து நேர்ந்தது.

உட்கார்ந்தபடி அறுவை

ஒரு மருத்துவர் கால் இழந்தால் என்ன செய்வது? பெரும்பாலானோர் "பாவம், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று விட்டிருப்பார்கள். பிராண்ட் வேறுவிதமாகக் கணக்குப் போட்டார். வியாபாரத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது கையிருப்பு என்ன என்பதைத்தான். போனதை எண்ணிக்கொண்டிருந்தால் கடை திறக்க முடியாது. மேரியிடம் கால் இல்லை, ஆனால் கை இருக்கிறது, மருத்துவ அறிவு இருக்கிறது. கையில் செய்யும் அறுவையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார். நோயாளியின் கை மேசைமேல் இருக்கும். மருத்துவர் எதிரே அமர்ந்திருப்பார். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் செய்யக் கூடாது?

மேரி அதைச் செய்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். ஊர் ஒதுக்கிய நோயாளிக்குக் கை கொடுத்தவர், தாமே நடக்க இயலாத ஒரு பெண்மணி. அந்த நோயாளிகளுக்கு அவரைப் பார்த்ததே பாதி மருந்தாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. "உங்களுக்கென்ன, சொல்லுவீங்க" என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாதே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்ததால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூட்டையும் காயத்தையும் உணராமல் நோயாளியே கையைக் கெடுத்துக்கொள்கிறார். பிராண்டின் ஆய்வு உலகுக்குச் சொன்ன பெரிய சேதி இது. தண்டுவடம் அடிபட்டவர் நிலையும் அதுவேதான். சூடான பாத்திரம் தொடையில் பட்டாலும் தெரியாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. எனவே இருவருக்கும் முதல் பாடம் ஒன்றே. வலி செய்த காவல் வேலையை இனி கண் செய்ய வேண்டும். தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தம் தணிக்க வேண்டும். இதற்கு மருந்துக்கடை இல்லை, பழக்கம்தான் மருந்து.

மூன்றாம் கட்டம்

மேரி முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நிறுவியிருந்த நிலையத்தில் இத்துறையை மேற்படிப்பாகவே கற்றார். ரஸ்க் என்பவர் இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட விமானப்படையினரைக் கண்டு மனம் மாறிய பொதுமருத்துவர். நோய் வராமல் காப்பது முதல் கட்டம், வந்த நோயைத் தீர்ப்பது இரண்டாம் கட்டம், தீர்ந்த பின் எஞ்சும் குறையோடு அந்த மனிதரை வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்புவது மூன்றாம் கட்டம் என்பது அவர் கொள்கை. மூன்றாம் கட்டம் நடக்காமல் முதல் இரண்டைச் செய்து முடித்தோம் என்று மருத்துவர் கைகழுவ முடியாது என்றார்.

நோயாளியாகவும் மாணவியாகவும் ஒரே நேரத்தில் இருந்து கற்றவர் மேரி. திரும்பி வந்து 1963இல் வேலூரில் உடலியல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். இந்தியாவில் உள்நோயாளிகளை வைத்துப் பார்க்கும் வசதியோடு அமைந்த இத்தகைய முதல் துறை அது என்பர். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதே 1966இல் பிராண்ட் அமெரிக்கா சென்றுவிட்டார்; ஆனால் விதைத்தது நின்றுவிடவில்லை. இந்திய அரசு 1972இல் மேரிக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986 டிசம்பரில் அவர் காலமானார். அவர் வரலாற்றை டோரதி கிளார்க் வில்சன் எழுதிய 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற ஆங்கில நூல் 1963இலேயே வெளிவந்து பல நாட்டிலும் படிக்கப்பட்டது.

ஆசிரியர் என்ற நிலை

ஒரு கல்லூரித் துறையின் தலைவர் செய்யும் வேலை நோயாளி பார்ப்பது மட்டுமல்ல. தாம் கற்றதைப் பாடத்திட்டமாக்கி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டும். மறுவாழ்வு மருத்துவம் ஒருவர் செய்யும் வேலையும் அல்ல. மருத்துவர், இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்வழிப் பயிற்சி தருபவர், செயற்கைக் காலும் காலிப்பரும் செய்யும் தொழில்நுட்பர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு திருமண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லாரும் தனித்தனியாக வேலை செய்தால் முகூர்த்தம் தப்பிவிடும் இல்லையா? அப்படித்தான் இதுவும்.

வெளிநாட்டில் கற்றதை அப்படியே இங்கே இறக்கவும் முடியாது. அங்கே சமையல் நின்றுகொண்டு, சாப்பாடு நாற்காலியில், கழிப்பறை உட்காரும் வகை. நம் கிராமத்தில் சமையலும் சாப்பாடும் தரையில், கழிப்பறை குந்தும் வகை, தெருவில் மண், வாசலில் மூன்று படி. மருத்துவமனையின் வழவழத் தரையில் சக்கர நாற்காலி ஓட்டப் பழகியவர் ஊருக்குப் போனதும் திண்ணையில் முடங்கிவிடுவார். ஆகவே நல்ல பயிற்சியாளர் நோயாளியின் காலை அளப்பதற்கு முன் வீட்டு வாசற்படியின் உயரத்தைக் கேட்பார். நம் நாட்டில் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் பாகாயம் நிலையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கிப் பயிற்சி பெறும் வழக்கம் வளர்ந்தது. வள்ளுவர் சொன்ன நான்காம் பகுதி அங்கே வகுப்பறைக்குள் வந்துவிட்டது. குணமாகி வீடு திரும்பிய தண்டுவட நோயாளிகள் மீண்டும் வந்து கூடும் ரீஹாப் மேளாவும் அங்கே நடத்தப்படுவதுண்டு. புதிதாக அடிபட்டு மனமொடிந்து கிடக்கும் இளைஞர், பல வருடமாகச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கடை நடத்துபவரைப் பார்த்தால் அது எந்தப் பேராசிரியர் பாடத்துக்கும் குறைந்ததல்ல.

நம் வீட்டில் இது எங்கே வருகிறது?

தண்டுவட விபத்து எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. பக்கவாதமும், வழுக்கி விழுந்து எலும்பு முறிவதும் எந்த வீட்டுக்கும் வரும். அதுவும் பெங்களூரில் நம் குடும்பங்களின் நிலை தெரிந்ததுதான். பிள்ளை ஐ.டி.யில், மருமகளும் வேலையில், பெரியவர்கள் நாலாவது மாடி ஃபிளாட்டில். பெரியவர் விழுந்தால் நமக்கு முதலில் எழுவது அன்பு. அந்த அன்பு பல நேரம் தவறான வழியில் போகிறது.

எங்கள் உறவில் ஒரு பெரியவருக்கு வலப்பக்கம் வாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் நல்லவர்கள். அப்பாவைப் பஞ்சுமெத்தையில் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு, கையைக்கூட அசைக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். எழுப்பும்போது மட்டும் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். மூன்றே மாதத்தில் தோள் இறுகி, தொட்டாலே அலறும் நிலை. அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் வந்து வலி குறைந்தது. ஆனால் கை முழுதாகத் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் பாசத்தில் குறையில்லை. சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே துறையறிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் சில சேதிகளை இங்கே தொகுத்துத் தருகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

முதலாவது, படுக்கை ஓய்வு மருந்தல்ல. படுத்தே இருந்தால் தசை வேகமாக மெலியும், மூட்டு இறுகும், காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். பக்கவாதம் வந்தவரை உடல்நிலை சீரான ஓரிரு நாளிலேயே உட்காரவைக்க மருத்துவர்கள் முயல்வது இதனால்தான். "இப்பவே எதுக்குப் பாவம்" என்று நாம் தடுக்கக் கூடாது.

இரண்டாவது, விழுந்த கையை ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது. தசை தளர்ந்த தோள் கிண்ணத்திலிருந்து எளிதில் இறங்கிவிடும். தூக்கும்போது உடம்பைத் தாங்க வேண்டும். உட்காரும்போது அந்தக் கைக்குத் தலையணை வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் தேய்ப்பது தவறில்லை. ஆனால் அதுவே பயிற்சி ஆகாது. மற்றவர் தேய்த்தாலும் அசைத்தாலும் மூட்டு இளகியிருக்கும், அவ்வளவுதான். தசைக்குப் பலமும் மூளைக்குப் பாடமும் நோயாளி தாமே முயலும்போதுதான் சேரும். மூளையில் ஒரு பகுதி செத்தாலும் மற்றப் பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையது. முதல் சில மாதங்களில் அந்த ஆற்றல் அதிகம். பிறகும் அடியோடு நின்றுவிடுவதில்லை. ஒரு டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதே சிறந்த பயிற்சி. சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, தாமே புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கம் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்து, அழுத்தினாலும் மாறாத இடம் கண்டால் அது எச்சரிக்கை.

ஐந்தாவது, பிசியோதெரபிஸ்ட் வந்து போகும் அரைமணி நேரம் சிகிச்சை அல்ல, அது வகுப்பு. மீதி நாள்தான் சிகிச்சை. அவர் வரும்போது வீட்டில் ஒருவர் கூட நின்று கற்றுக்கொள்ள வேண்டும். "நாங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நம் ஊரும் நம் சங்கங்களும்

பெங்களூர் இந்த வகையில் வசதி படைத்த ஊர். நரம்பு நோய்க்கும் நரம்பியல் மறுவாழ்வுக்கும் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1959இல் என்.எஸ். ஹேமா என்ற அம்மையார், தாமே போலியோவால் பாதிக்கப்பட்டவர், இங்கே தொடங்கிய ஏ.பி.டி. என்னும் மாற்றுத்திறனாளர் சங்கம் கல்வி, தொழிற்பயிற்சி, மறுவாழ்வு என்று பரந்து பணியாற்றி வருகிறது. மேரி வர்கீசும் ஹேமாவும் ஒரே காலத்தில், குறையைச் சுமந்த தாங்களே பிறருக்கு வழிகாட்டியாக நின்றார்கள் என்பது எண்ணத்தக்கது.

படிப்பு வகையிலும் வாய்ப்புகள் உண்டு. 1996இல் அமைந்த ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்நகரில் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. இளங்கலை, முதுகலை, ஆராய்ச்சி வரை படிக்கலாம். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இத்தொழிலுக்கும் சட்டப்படியான தகுதி வரையறை தந்தது. "எம்.பி.பி.எஸ். கிடைக்கலே, அதனால பிசியோ சேர்த்தோம்" என்று சில பெற்றோர் தலைகுனிந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தலைகுனிய இதில் ஒன்றுமில்லை. மருந்து தானமும் கல்வி தானமும் ஒரே கையால் செய்யும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது?

சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் முதியோரைக் கௌரவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் விழா நடக்கும் மண்டபத்துக்குப் படி ஏற முடியாமல் வராமலே நின்றுவிட்ட முதியோர் எத்தனை பேர்? சாய்தளம் அமைக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரை அடிப் படி ஒன்று இருந்தால் ஆறடி நீளச் சாய்தளம் போதும். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. அதோடு கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் கம்பி. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, வீட்டில் நோயாளியைத் தூக்குவது எப்படி, புரட்டுவது எப்படி என்று குடும்பங்களுக்குத் தமிழிலேயே செய்முறையாகக் காட்டச் சொல்லலாம். இந்த மலர் அச்சிடும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

அடுத்த விழாவுக்குள் நம் மண்டபங்களின் வாசற்படிகளை ஒருமுறை அளந்து பார்ப்போம். வராமல் நின்றுவிட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் எழுதிக்கொள்வோம்.